செஞ்சு பார்த்த உபதேசியார்

உலகம் உண்டான நாளிலிருந்து பிரசங்கம் செய்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினால், அந்த வரிசை தென்காசியில் தொடங்கி, செங்கோட்டையைத் தாண்டி, மலையேறி இறங்கி, கொல்லம் கடற்கரைவரை போகும். அதில் சொன்னதைச் செய்யாதவர்கள் முக்கால்வாசி. சொன்ன பிறகு செய்தவர்கள் கொஞ்சம் பேர்; அவர்களை மகான்கள் என்று காலண்டரில் போடுகிறோம். 'செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்' என்று அடம்பிடித்தவர் ஒரே ஒருவர். அவரை எந்தக் காலண்டரிலும் போட மாட்டார்கள். அவர் செய்து பார்த்ததில் பாதி சரிப்பட்டு வரவில்லை. சரிப்படவில்லை என்பதையும் அவர் மேடையில் ஏறிச் சொல்லிவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருந்த அறைக்கு எதிரே எங்கள் கிறிஸ்தவ சபையின் சின்னக் கோயில். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். ஐயருக்கு ஏழெட்டு ஊர்க் கோயில்கள் பொறுப்பு. மாதத்துக்கு ஒருமுறை வந்து அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தி, பிரசங்கம் செய்து, நோயாளிகளைப் பார்த்து, சண்டைக்காரர்களை விலக்கிவிட்டு, வேளை வந்தால் மணியும் அடிப்பவர் உபதேசியார்.

எங்கள் உபதேசியாருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஊரில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. 'செஞ்சு பார்த்த உபதேசியார்' என்றால் பஸ் ஸ்டாண்டில் ரிக்‌ஷாக்காரர்கூட வீட்டுவாசலில் கொண்டுவந்து விடுவார். கறுத்து, ஒல்லியாக, ஆறடி உயரம். சைக்கிள் மிதித்தால் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கும். மூக்கு மட்டும் ஆளைவிட ஒரு சுற்று பெரிது.

அவருடைய முறை எளிமையானது. வருகிற ஞாயிற்றுக்கு எந்த வேதபாகம் என்று திங்கட்கிழமை பார்ப்பார். செவ்வாயிலிருந்து சனிவரை அதில் சொல்லியிருப்பதைச் செய்து பார்ப்பார். என்ன நடந்ததோ அதை ஞாயிற்றுக்கிழமை சொல்வார். ஏன் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"உப்பு போதுமான்னு பாக்காம யாராவது கொழம்ப எலையில ஊத்துவாங்களா தம்பி? நான் மட்டும் ருசி பாக்காம எப்படி ஊத்த?"

நான் கேட்ட முதல் பிரசங்கம் ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டுவது பற்றியது. அதற்கு முதலில் யாராவது அறைய வேண்டும். ஓர் உபதேசியாரை யார் அறைவார்? மனிதர் செவ்வாயிலிருந்து ஊர் முழுக்க அறை தேடி அலைந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்ட்டரின் காலை வேண்டுமென்றே மிதித்தார். "பரவால்ல சாமி, பாக்காம மிதிச்சிட்டிய" என்று அவர் காலைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டார். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்துக்குப் போய்க் கள் குடித்துவிட்டு வந்த ஒருவரிடம் நம்பிக்கையோடு வம்பு இழுத்தார். அந்த ஆள் இவர் காலைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பாவங்களை அறிக்கையிட்டு அழுதார். சனிக்கிழமை சாயங்காலம், முகம் தொங்கிப்போய் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து உபதேசியாரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அவ்வளவு ஆசையா இருந்தா நான் வேணா ஒண்ணு குடுக்கட்டுமா? எனக்கும் ரொம்ப நாளா கை ஊறுது."

"நீ சத்துரு இல்லட்டி. அது செல்லாது."

"நாளைக்கே ஆயிருதேன்."

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறினார். "இந்த வாரம் யாரும் என்னைய அடிக்கல. அதனால மறு கன்னத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆமென்" என்று இறங்கிவிட்டார். சபையார் வீடு போய்ச் சேர்ந்தபோது ஆட்டுக்கறி அடுப்பில்கூட ஏறவில்லை. ஆண்களை அத்தனை சீக்கிரம் வீட்டில் பார்த்துப் பழக்கமில்லாத பெண்கள் மறுநாளே கமிட்டியில் முறையிட்டார்கள்.

அங்கியை எடுத்துக்கொள்கிறவனுக்கு மேலாடையையும் கொடுப்பது பற்றிய வாரத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஆடிமாதச் சாரல். ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். சட்டையையும் வேட்டியையும் பாறைமேல் வைத்துவிட்டு, தலையிலும் உடம்பிலும் எண்ணெயை அப்பிக்கொண்டு கோவணத்தோடு நின்றபோது, எவனோ ஒருத்தன் அவருடைய சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். வேறு யாராக இருந்தாலும் திருடன் திருடன் என்று கத்தியிருப்பார்கள். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"ஏ தம்பி! நில்லு! இதையும் வாங்கிட்டுப் போ!"

திருடன் திரும்பிப் பார்த்தான். எண்ணெய் வழிய, கோவணம் பறக்க, வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆறடி மனிதர் ஒருவர் பாய்ந்து வருகிறார். அவன் தொழிலில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. சட்டையைப் போட்டுவிட்டுப் பறந்தான். இவர் சட்டையையும் பொறுக்கிக்கொண்டு, இரண்டையும் கொடுத்தே தீருவது என்று விரட்டினார். ரோட்டுக்கு வந்தபோது போலீஸ்காரர் பிடித்தது கோவணத்தோடு ஓடியவரைத்தான். நானாக இருந்தாலும் அவரைத்தான் பிடித்திருப்பேன்.

அந்த வாரப் பிரசங்கமும் சுருக்கம். "சட்டைய எடுக்கவனுக்கு வேட்டியவும் குடுக்கலாம். எனக்கு ஆட்சேபண இல்ல. ஆனா அவன் கொஞ்சம் நிக்கணும். ஆமென்."

நாளைக்காகக் கவலைப்படாமல் இருக்கும் வாரம் அவருடைய மனைவிக்குத்தான் வந்து விடிந்தது. இட்லிக்கு ஊறப்போடுவது நாளையைப் பற்றிய கவலை, ஆகவே கூடாது. விறகு வாங்கி வைப்பது கூடாது. இரண்டாம் நாள் மத்தியானம் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. விஷயம் கேள்விப்பட்டுக் கமிட்டி செக்ரட்டரி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சனிக்கிழமைவரை வந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொன்னார்: "நாளைக்காகக் கவலப்படாம இருக்க முடியுது. ஆனா நமக்காக வேற யாராவது கவலப்பட வேண்டியிருக்கு. இந்த வாரம் மரக்கடை அண்ணாச்சி வீட்டம்மா கவலப்பட்டாங்க. ஆமென்."

இந்த மரக்கடை அண்ணாச்சிதான் செக்ரட்டரி. செங்கோட்டை வழியாகக் கேரளத் தடி இறக்கி அறுத்து விற்பவர். கோயிலுக்குப் புதுக் கதவு, புது ஜன்னல், புது பெஞ்சு என்று எல்லாம் அவர் உபயம். பிரசங்கம் என்றால் நீளம், அகலம், கனம் மூன்றும் வேண்டும் என்பது அவர் கட்சி. "மூணு நிமிசத்துல முடிக்கதுக்கு எதுக்குவே அவ்வளவு பெரிய மேடை?" என்பார். ஆனாலும் நெடுநாள் பொறுத்துப் போனார். பொறுமை உடைந்தது, பொய் பேசாமல் இருக்கும் வாரத்தில்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண்வீட்டார் மாப்பிள்ளை ஊர் உபதேசியாரிடம் போய் விசாரிப்பார்கள். உபதேசியாரும் 'தங்கமான பையன்' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். அது சத்தியமும் இல்லை, பொய்யும் இல்லை, ஒரு மரியாதை. மரக்கடை அண்ணாச்சியின் மூத்த மகனை விசாரிக்க வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தது, பார்த்துப் பார்த்து அந்த வாரம்தான்.

"பையன் எப்படிங்க?"

"நல்ல பையன். பத்து மணிக்கு எந்திப்பான்."

"படிப்பு?"

"பி.காம். படிக்கான். முடிக்கிற உத்தேசம் இருக்கதாத் தெரியல."

"ஜெபம் உண்டுமா?"

"பரீட்சைக்கு மொத நாள் உண்டு."

பெண்ணின் அப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு, மரக்கடை இருக்கும் தெருப்பக்கமே திரும்பாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். அண்ணாச்சி வீட்டில் அவருக்காகப் போட்டிருந்த ஆமவடை அப்படியே இருந்தது.

அன்றைக்கு அண்ணாச்சி உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்று போட்ட சத்தம் கோயில் மணியை மிஞ்சிவிட்டது. "இனி நீரு எனக்குச் சத்துரு ஓய்! சாவுற வரைக்கும் சத்துரு!" என்று முடித்தார். உபதேசியாரின் கண்ணில் தண்ணீர் ததும்பியது. நான் பயந்துவிட்டேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்துருவ நேசிக்கணும்னு போட்டிருக்கு தம்பி. ரொம்ப வருசமா ஒரு சத்துரு கெடைக்காம கஷ்டப்பட்டேன். கர்த்தர் தந்துட்டாரு" என்றார்.

மறுநாளிலிருந்து நேசிக்கத் தொடங்கினார். காலையில் மரக்கடைக்குப் போவார். அறுத்து அடுக்கிய பலகைமேல் உட்காருவார். "சாப்ட்டியளா அண்ணாச்சி?" "மூட்டுவலி எப்படி இருக்கு அண்ணாச்சி?" "மூத்தவனுக்கு வேற எடம் பாக்கியளா அண்ணாச்சி?" அண்ணாச்சி முகத்தைத் திருப்பினால் இவர் எழுந்து அந்தப்பக்கம் போய் உட்காருவார். ஒரு வாரம் இப்படி நேசிக்கப்பட்டதும் அண்ணாச்சி ஐயருக்குப் புகார் எழுதிப் போட்டார்: இந்த உபதேசியாரை உடனே மாற்ற வேண்டும்.

ஐயர் வந்தார். சாதுவான மனிதர். கமிட்டி முன்னால் உபதேசியாரை உட்காரவைத்து, "ஊர்ல எல்லாரும் செய்யுத மாதிரி ஒரு பிரசங்கம் செய்யுங்க உபதேசியாரே. அலஞ்சு திரிஞ்சு செஞ்சு பாக்க வேண்டாத ஒரு விஷயமா எடுத்துக்கிடுங்க. மன்னிப்பப் பத்திப் பேசுங்களேன். அதுல என்ன இருக்கு?" என்றார்.

உபதேசியார் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. போலீஸ்காரர் பிடித்தபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. மன்னிப்பைப் பற்றிய வேதபாகம் வருகிற ஞாயிறுகளில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கீர்த்தனை இரண்டு கூடுதலாகப் பாடி அனுப்பிவிடுவார். இத்தனை வருடத்தில் அவர் மன்னிப்பைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

காரணம் சபைக்கே தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. உபதேசியாருக்கு ஒரே மகள், எஸ்தர். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னால், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்த பையனை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பையன் நல்லவன், ஆனால் இலஞ்சி முருகனுக்கு மாலை போடுகிற வீடு. சபை ஒழுங்குப்படி அவளை நீக்கினார்கள். நீக்கியதைக் கோயிலில் வாசிக்க வேண்டியது உபதேசியாரின் வேலை. பெற்ற மகளின் பெயரை அவர் குரல் தடுமாறாமல் வாசித்தார் என்று அப்போது எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம். அதற்குப்பின் அவர் அவள் வாசலை மிதித்ததில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் டவுன் பஸ்ஸில் சீட்டு வாங்கி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

"அடுத்த ஞாயித்துக்கெழம மன்னிப்பப் பத்திப் பேசணும். இல்லன்னா மாத்தல்தான்" என்று சொல்லிவிட்டு ஐயர் கிளம்பிப் போனார்.

வியாழக்கிழமை உபதேசியார் இஸ்திரி போட்ட சட்டையோடு குற்றாலம் பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது.

"போனேன்" என்று ஆரம்பித்தார். "வாசல்ல நின்னு, ஒன்னைய மன்னிச்சிட்டேன் மக்கான்னேன். 'நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லுங்க'ன்னா. சொல்ல வரல. பஸ்ல வரும்போது யோசிச்சிட்டே வந்தேன். ஒண்ணும் தட்டுப்படல. தனக்குப் பிடிச்சவனக் கெட்டியிருக்கா. ரெண்டு பேரும் சண்ட இல்லாம இருக்காங்க. தப்பு எம் பேர்லதான் இருக்கும்போல. அடுத்த வியாழக்கெழம போயி நான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன். ஆமென்."

மரக்கடை அண்ணாச்சி கமிட்டி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு: "கேட்டேன். கதவச் சாத்திட்டா. ஆமென்."

அதற்கு அடுத்த ஞாயிறு: "கதவு தொறக்கல. மாப்பிள்ள ஜன்னல் வழியாக் கும்பிட்டாரு. நானும் கும்பிட்டேன். ஆமென்."

மாப்பிள்ளை என்ற சொல் கேட்டுப் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. வெளியே வந்து முக்கால் மணி நேரம் அந்த ஒரு சொல்லைத்தான் பேசினோம். பிரசங்கம் குறையக் குறையச் சபை பெருகியது. வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவர்கள் சாரல் காலத்தில் குடையோடு வந்து ஜன்னலோரம் நின்றார்கள். ஜவுளிக்கடை பாய், வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசலுக்குப் போகிறவர், திங்கட்கிழமை என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, "என்ன தம்பி, கதவு தொறந்துச்சா இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "புள்ளைக்கி வைராக்கியம் ஜாஸ்திதான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் துணி கிழித்தார். ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றில் அண்ணாச்சி ஆராதனைக்கு மணி அடிப்பதற்கு முன்பே வந்து முன்பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். புகார் கொடுத்தவர் என்ற முறையில் கவனிக்க வந்தேன் என்றார்.

அந்த ஞாயிறுதான் உபதேசியார் வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார்.

"கதவு தொறந்துச்சு. உள்ள வாங்கன்னு சொல்லல. வர வேண்டாம்னும் சொல்லல. போயி உக்காந்தேன். ஒரு பையன் வந்து எட்ட நின்னு பாத்தான். மூணு வயசு இருக்கும். அவனுக்கு எம் மூக்கு." தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாவம்."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"காப்பி குடுத்தா. சீனி போடல. எனக்குச் சீனி வியாதின்னு போடாம இருந்திருக்கலாம்னு மொதல்ல சந்தோசப்பட்டேன். அப்பறம்தான் கணக்குப் போட்டேன். எனக்குச் சீனி வியாதி வந்தது போன வருசம். அவ போயி அஞ்சு வருசமாச்சு. அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பன்னா கோவந்தான். சீனிகூடப் போட மனசு வராத அளவுக்குக் கோவம். அஞ்சு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல நின்னு எம் மக பேர வாசிச்சேன். அன்னைக்கு நான் செஞ்ச பிரசங்கம் அன்பப் பத்தி. முக்கா மணி நேரம் பேசினேன். எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்க. வீட்டுக்குப் போயி சாப்பாட்டுல உக்காந்தா, தொண்டையில எறங்கல. அதுக்கப்பறம்தான், செஞ்சு பாக்காம எதையும் சொல்லுததில்லன்னு வச்சுக்கிட்டேன். இதையும் செஞ்சு பாத்துட்டேன். இது கெடைக்காது போலிருக்கு. ஆமெ—"

"கோவம் இல்ல!"

பெண்கள் பக்கத்தில் உபதேசியாரம்மா எழுந்து நின்றிருந்தார். எங்கள் கோயிலில் ஆராதனை நடுவில் ஒரு பெண் எழுந்து பேசி நான் அதுவரை கண்டதில்லை.

"நாந்தான் அவட்ட சொன்னேன், ஒங்களுக்குச் சீனி வியாதின்னு. மூட்டுவலிக்கு அருவியில குளிக்கப் போறேன்னு மாசாமாசம் போவேன்லா, எங்க போனேன்னு நெனச்சிய? அஞ்சு வருசமா காஞ்ச தலையோட போயி காஞ்ச தலையோட வாரேன். ஒரு நாளாவது ஏன்னு கேட்டியளா? ஒலகத்துல உள்ளதெல்லாம் செஞ்சு பாக்கத் தெரியுது, பொண்டாட்டி தல நனஞ்சிருக்கான்னு பாக்கத் தெரியல!"

சபையில் ஆண்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்தோம். பெண்களில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும். சில பேர் அந்தக் குழந்தைக்குச் சட்டைகூடத் தைத்துக் கொடுத்திருந்தார்களாம், அண்ணாச்சி வீட்டம்மா உட்பட.

உபதேசியார் மேடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... கோவம் இல்ல" என்றார். மனைவியைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்தும் அல்ல. அப்புறம் ஆமென் சொல்ல மறந்துவிட்டு இறங்கிப் போனார். நாங்கள் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் யாரோ ஒரு கீர்த்தனையைத் தொடங்கி எங்களை விடுவித்தார்கள்.

இதையெல்லாம் மேலிடம் பொறுக்குமா? குடும்பக் கதையை மேடையில் ஏற்றியது, நீக்கப்பட்டவள் வீட்டில் காப்பி குடித்தது, மனைவி ஆராதனையில் எழுந்து சத்தம் போட்டது என்று காரணங்கள் சேர்ந்துவிட்டன. வீரகேரளம்புதூருக்கு அப்பால் இருபது முப்பது வீடுள்ள ஒரு சின்னச் சபைக்கு மாற்றல் வந்தது. அதைக் கேட்டு முதலில் ஐயர் வீட்டுக்கு ஓடியது யார் தெரியுமா? மரக்கடை அண்ணாச்சி. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, இத நிறுத்தி வைக்கணும்."

"நீங்கதானே அண்ணாச்சி எழுதிக் குடுத்திய?"

"எழுதினேன். இல்லங்கல. அது அப்போ. இப்ப பாதியில நிக்குது ஐயா. அந்தப் புள்ள என்ன சொல்லுதான்னு தெரியட்டும். அப்பறம் எங்க வேணாலும் மாத்துங்க, நானே வண்டி புடிச்சு அனுப்புதேன்."

மேலிடத்து உத்தரவு, ஐயரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வரும்போது அண்ணாச்சி, "இந்த ஐயருக்கு மனுசத்தன்மையே கெடையாதுவே" என்று சாதுவான அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

கடைசி ஞாயிறு. கோயிலில் நிற்க இடமில்லை. உபதேசியார் மேடை ஏறினார்.

"வியாழக்கெழம போனேன். வாசிச்சது தப்பு மக்கான்னேன். அவ பாத்திரம் கழுவிட்டே இருந்தா. அப்பறம் திரும்பிப் பாக்காம, 'இன்னும் கொஞ்ச நாள் ஆவும்ப்பா'ன்னா." அவர் சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த மேடையில் அவர் சிரித்தது அன்றுதான். "கொஞ்ச நாள் ஆவட்டும். அவசரம் இல்ல. அதனால மன்னிப்பப் பத்தி இன்னைக்கும் எனக்கு முழுசாத் தெரியல. தெரிஞ்சவங்க யாராவது புதுசா வருவாங்க, அவங்க சொல்லுவாங்க. ஆமென்."

புதிதாக வந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வந்த முதல் ஞாயிறே மன்னிப்பைப் பற்றி நான்கு தலைப்புகளில், ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நீளம், அகலம், கனம் மூன்றும் இருந்தன. அண்ணாச்சி முன்பெஞ்சில் உட்கார்ந்தபடியே நன்றாகத் தூங்கினார்.

உபதேசியாருடைய புது ஊரிலிருந்து குற்றாலம் போக வேண்டுமென்றால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி பஸ் மாற வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் போவார். பொழுது சாயும்போது திரும்பி வந்து ஊர் பஸ் ஏறுவார். அந்த நேரத்தில் எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். போனால் அங்கே ஜவுளிக்கடை பாய் யாரையோ வழியனுப்ப வந்திருப்பார். அண்ணாச்சி பழம் வாங்க வந்திருப்பார். மரக்கடைக்குப் பக்கத்திலேயே இரண்டு பழக்கடைகள் உண்டு. சபையார் இன்னும் நாலைந்து பேர் ஆளுக்கொரு காரணத்தோடு நிற்பார்கள். ஒருவரையொருவர் பார்த்து வியப்பதுபோல் பாவனை செய்துகொள்வோம். குற்றாலம் பஸ்ஸிலிருந்து உபதேசியார் குனிந்து இறங்குவார். எங்களைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுவார்: இன்னும் இல்லை. "சரி, அடுத்த வாரம் பாப்பம்" என்று அண்ணாச்சி அவர் கையில் ஒரு சீப்புப் பழத்தைத் திணிப்பார். சீனி வியாதிக்காரர் பழத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறுவார். சாரல் நின்று, வெயில் வந்து, மறுபடி ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை மட்டும் மாறவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை குற்றாலம் பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி படபடத்துப்போய் கண்டக்டரைப் பிடித்தார்.

"ஏ தம்பி, ஒசரமா ஒரு உபதேசியாரு, வாராவாரம் வருவாரே, பாத்தியா?"

"அவுகளா? அங்கன படிக்கட்டுல ஒரு கால வச்சிட்டாங்க அண்ணாச்சி. அதுக்குள்ள அவுக மக கொடையப் புடிச்சிட்டு, 'எப்பா, எப்பா'ன்னு ஓடி வந்தா. ராத்திரி இருந்துட்டுக் காலைல போகலாம்னா. எறங்கிட்டாங்க."

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். மழைத் தண்ணீர் என்று நாங்களும் வைத்துக்கொண்டோம். கையிலிருந்த பழத்தைப் பிய்த்து ஆளுக்கொன்று கொடுத்தார். கண்டக்டருக்கும் ஒன்று. பாய் பழத்தை உரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு குற்றாலம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அங்கே எங்களுக்கு வேலை எதுவும் இல்லை; ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வராமல் போன ஒரு மனிதருக்காக அவ்வளவு சந்தோஷமாக நான் காத்து நின்றது என் ஆயுளில் அந்த ஒரு சாயங்காலம்தான்.